பங்குனியிலும் புரட்டாதியிலும் மட்டக்களப்பு: அக்கா சொல்லும் டிப்ஸ்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதை ஒருக்கா வாசியுங்க தங்கச்சி. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் மட்டக்களப்புக்கு வருவதென்றால் ஆடி, ஆவணியில்தான் வருகிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பள்ளிக்கூட லீவு அப்போதுதான் நீளம். மாமாங்கத்துத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், மண்டூர்த் திருவிழா எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன. திருவிழாவுக்கென்று வருகிறவர்கள் அப்போது வந்துதான் ஆகவேண்டும். வாவியைப் பார்க்க, கடலில் குளிக்க, பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட என்று வருகிறவர்களுக்கு நான் வேறு மாதங்களைச் சொல்கிறேன்.

ஆடி ஆவணியில் விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்கும். பாசிக்குடாவில் நல்ல அறை கிடைப்பது பாடு, கிடைத்தாலும் விலை கடிக்கும். கச்சான் காற்று காலை பத்து மணிக்கே முகத்தில் அனலாக அடிக்கும். பின்னேரத்தில் வாவி அலையெடுக்கும், குழந்தை குட்டியோடு சின்னத் தோணியில் ஏற மனம் வராது. ஊர்ச் சனமும் கோயில், கலியாணம், வந்த விருந்தாளிகள் என்று ஓடித்திரிகிற நேரம் அது. உங்களோடு உட்கார்ந்து கதைக்க யாருக்கும் ஆறுதல் இருக்காது.

நல்ல காலம் இரண்டு இருக்கிறது. ஒன்று, மார்ச் நடுப்பகுதியில் தொடங்கி மே முதல் கிழமை வரை, நடுவில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய ஒரு கிழமையைக் கழித்துவிட்டு. மற்றது, செப்டெம்பர் இரண்டாம் கிழமை தொடக்கம் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. பிரித்தானியாவின் ஈஸ்டர் லீவு முதலாவதற்குள் விழுகிறது. சுவிஸ், ஜேர்மனிப் பிள்ளைகளின் இலையுதிர்கால லீவு பல இடங்களில் இரண்டாவதற்குள் விழுகிறது. ஆகையால் பள்ளிக்கூடத்தைச் சாட்டாகச் சொல்லித் தப்ப முடியாது.

இப்படிக் கூட்டத்துக்கும் மழைக்கும் நடுவில் உள்ள கிழமைகளைத் தேடிப் போவது உலகம் முழுக்க விவரம் தெரிந்தவர்களின் பழக்கம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போய் மச்சு பிச்சு பார்க்க நினைப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள நெரிசலை விட்டு ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபரில் போகப் பார்ப்பார்கள். அங்கே மழை டிசம்பரில் இருந்து மார்ச் வரை. பெப்ரவரியில் இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காக மூடியே விடுவார்கள். மாதக் கணக்கு நமக்கும் ஏறக்குறைய அதுவேதான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நம் பக்கத்துக் காரணத்தைத் தெரிந்து வைத்திருங்க, திட்டம் போடுவது சுலபமாகும். வாடைக்காற்று நவம்பரில் இருந்து ஜனவரி வரை வங்கக்கடல் மழையை நம் மேல் கொட்டும். நம் வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் காற்று தன் மழையைக் கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டிலும் இறக்கிவிட்டு, நம்மிடம் வெறும் சூட்டோடு வந்து சேரும். அதுதான் கச்சான். இந்த இரண்டு காற்றும் மாறுகிற இடைவெளியில் காற்று அடங்கிப்போகும். வாவி பளிங்கு மாதிரிக் கிடப்பது அப்போதுதான். கூடவே பின்னேரங்களில் இடியும் மழையும் வரும். அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. கொழும்பில் எழுதப்படும் சுற்றுலாக் குறிப்புகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம் என்று இருக்கும். அது காலிக்கும் மிரிசைக்கும் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கை நம்பி டிசம்பரில் பாசிக்குடாவுக்கு வந்து நாள் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் என்றால் தெற்குக் கரையின் நல்ல காலத்து வாலையும் கிழக்குக் கரையின் தலையையும் ஒரே பயணத்தில் பிடித்துவிடலாம்.

வாவிக்கு முதலிடம் கொடுங்க

பாசிக்குடாவுக்கு நேரே போய் நாலு நாள் கிடந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மட்டக்களப்பைப் பார்க்காமலே போகிறார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிதான் இந்த மாவட்டத்தின் நடு. கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அந்தப் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. தெற்கே கல்லாற்றிலும், நகரத்துக்குக் கிட்ட பாலமீன்மடுவுக்கு அண்மையிலும் வாவி கடலோடு சேரும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், மாரி வெள்ளம் வந்ததும் திறபடும். பங்குனியில் வந்தால் மாரித் தண்ணீர் இன்னும் கரை நிறையக் கிடக்கும். புரட்டாதியில் தண்ணீர் வற்றி, ஓரங்களில் சேறு தெரியும், கொக்கும் நாரையும் அந்தச் சேற்றில் மேயும். குளிர்காலத்துக்கு வந்த தூரதேசப் பறவைகளில் கடைசிக் கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் மார்ச்சைத் தெரிவு செய்யுங்க.

கல்லடிப் பாலத்தடிக்கு விடியப் போங்க. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம். லேடி மன்னிங் பாலம் என்பது பழையதன் பெயர், ஆளுநராக இருந்த வில்லியம் மன்னிங்கின் மனைவியின் பெயரை வைத்தார்கள். ஆறு மணிக்கு முன்னால் போனால் வீச்சு வலைக்காரர் திரும்பி வருகிற நேரம். இறாலும் நண்டும் பிடிபட்டிருந்தால் அந்த இடத்திலேயே விலை பேசலாம்.

பாடும் மீனைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், காற்றில்லாத நேரத்தில் நன்றாகக் கேட்கும் என்பது நம் மூத்தவர்கள் சொல்லும் கணக்கு. நான் சொன்ன இரண்டு காலமும் அந்தக் கணக்கின் இரண்டு நுனியிலும் நிற்கின்றன, காற்று அடங்கும் நுனிகள். எமர்சன் ரெனென்ற் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே வந்து நிலாவில் படகில் போய் அந்த ஓசையைக் கேட்டது 1848 செப்டெம்பரில். பின்னாளில் தன் இலங்கைப் புத்தகத்தில் அதை எழுதி வைத்தார். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் அடிகளார் 1954இல் அதை ஒலிப்பதிவு செய்தார். மீனா, ஊரியா, வேறு ஏதுமா என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கேட்க வேண்டுமென்றால் செய்யவேண்டியது இதுதான். பௌர்ணமி அன்றைக்கு வேண்டாம், அதற்கு ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வைத்துக்கொள்ளுங்க. போயா லீவுக்குக் கொழும்பில் இருந்து சனம் வந்து நிறையும், படகு கிடைக்காது, கரையில் பாட்டும் சத்தமும் இருக்கும். என்ஜின் படகு என்றால் பாலத்தை விட்டு விலகிப் போனபிறகு என்ஜினை நிறுத்தச் சொல்லுங்க. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய வழக்கம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பேசாமல் இருக்கவேண்டும், போனை அணைக்கவேண்டும். கேட்கும் என்று உறுதி சொல்லிக் கூடுதல் காசு கேட்கிற படகுக்காரரோடு போகாதீங்க. சில இரவு கேட்கும், சில இரவு கேட்காது. கேட்காவிட்டாலும் அந்த நிலவையும் தண்ணீரையும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

படகுக்கு முன்கூட்டியே காசு பேசி முடியுங்க, எத்தனை மணித்தியாலம் என்பதையும் சேர்த்து. லைஃப் ஜக்கெட் இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றவேண்டாம், ஆழம் இல்லை என்று யார் சொன்னாலும். வாவியில் முதலை இருக்கிறது தங்கச்சி. நகரத்துக்குக் கிட்டவே கண்டிருக்கிறார்கள். கையை விட்டு அளைவது, கரையில் கால் கழுவ இறங்குவது, செல்பி எடுக்க வேர்களுக்கு நடுவில் நிற்பது ஒன்றும் வேண்டாம். குளிக்கிறதென்றால் கடலுக்குப் போங்க.

பாதையில் ஏறி மண்டூருக்கு

எனக்கு ஒரேயொரு நாளைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் இதைத்தான் செய்வேன். நகரத்தில் இருந்து கல்முனைப் பஸ்ஸில் ஏறி எழுவான்கரை வழியாகத் தெற்கே போங்க. களுவாஞ்சிகுடியில் இறங்கி ஓட்டோ பிடித்துக் குருமண்வெளித் துறைக்குப் போனால் மண்டூருக்குப் பாதை ஓடுகிறது. வாவியைக் கடக்கும் மிதவைக்கு நம் ஊரில் பாதை என்று பேர். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை, கோழிக்கூடு எல்லாம் ஒன்றாக ஏறும். குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கும் இப்படி ஒன்று உண்டு. மண்முனையிலும் ஒரு காலம் பாதைதான் ஓடியது, 2014இல் பாலம் வந்ததோடு நின்றுபோனது. மாரி வெள்ளம் ஏறினால் இவை ஓடாத நாட்களும் உண்டு. பங்குனியிலும் புரட்டாதியிலும் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் துறைக்குப் போகுமுன் களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் விசாரித்துக்கொள்ளுங்க, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதையும்.

மண்டூர் முருகன் கோயிலில் பூசை பண்ணும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை பண்ணுவார். கதிர்காமத்து முறை அது. திருவிழா ஆவணியில் முடிந்துவிடும். அதன்பிறகு போகிற உங்களுக்குக் கோயிலும் அதைச் சுற்றிய மரநிழலும் அமைதியாகக் கிடைக்கும். எந்த நேரம் நடை திறந்திருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்க. சேலை, பாவாடை, நீள அங்கி ஏதாவது ஒன்று. ஆண்பிள்ளைகள் சேட்டைக் கழற்றவேண்டும் என்றால் கழற்றத்தான் வேண்டும்.

அங்கிருந்து வந்த வழியே திரும்பாதீங்க. பழுகாமம், அம்பிளாந்துறை வழியாகப் படுவான்கரையில் வடக்கே வந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுங்க. பறங்கியர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதை இந்தக் கோயிலுக்கு உரியது, பிள்ளைகளிடம் அந்த நந்தியடியில் வைத்தே சொல்லுங்க. பிறகு மகிழடித்தீவு வழியாக மண்முனைப் பாலத்தால் எழுவான்கரைக்கு ஏறலாம். 1987இலும் 1991இலும் இந்த ஊர்களில் படுகொலைகள் நடந்தன. மகிழடித்தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. அதன் முன் இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்க. ஊரவரிடம் அந்த நாட்களைத் துருவித் துருவிக் கேட்காதீங்க, அவர்களாகச் சொன்னால் கேளுங்க. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்ந்தாலும் இதைத் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சுற்றுக்கு ஓட்டோவை நாள்வாடகைக்குப் பிடிப்பது நல்லது, பாதையிலும் ஓட்டோ ஏறும். தண்ணீர், பிஸ்கட், துவாய் கொண்டுபோங்க. கழிப்பறைக்கு வெளிக்கிடுமுன் நகரத்திலேயே போங்க, களுவாஞ்சிகுடிக்கு அப்பால் வசதி குறைவு. பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அலட்சியம் பண்ணவேண்டாம். இருட்டுமுன் மண்முனைப் பாலத்தைத் தாண்டிவிடுங்க. படுவான்கரையில் யானைத் தொல்லை மெய்யான தொல்லை. வெல்லாவெளி, உன்னிச்சை, கரடியனாறு பக்கங்களில் இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் போகவே கூடாது.

பங்குனியில் படுவான்கரைக்குப் போனால் பெரும்போக அறுவடை முடிந்திருக்கும், வயல் வெறும் ஒட்டு. வேளாண்மைக் காலத்தில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் கிடந்த மாடுகள் அறுவடைக்குப் பிறகு வயலுக்கு இறங்கும். அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் இருந்து தெருவோரத்தில் போராடியதையும் அறிந்திருப்பீங்க. சட்டியில் உறைந்த எருமைத் தயிரைச் சாப்பிடும்போது அவர்களையும் நினையுங்க. கூத்துக் களரி நடக்கிறதா என்றும் இந்த நேரத்தில் விசாரியுங்க. அறுவடை முடிந்து கையில் நெல்லும் நேரமும் இருக்கும்போதுதான் வடமோடியும் தென்மோடியும் ஆடப் பழகி அரங்கேற்றுவார்கள். அது விடிய விடிய நடக்கும், ஒரு பாயும் போர்வையும் கொண்டுபோங்க.

உன்னிச்சைக் குளத்துக்குப் போவதென்றால் புரட்டாதி. நீர் வற்றிய குளக்கரையில் பறவை சேர்ந்திருக்கும். காலையில் போய் மதியத்துக்கு முன் திரும்பிவிடுங்க.

கடல் பக்கம்

பாசிக்குடாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். கரையில் இருந்து வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர், அலை இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான கடலைக் கிழக்கில் நான் கண்டதில்லை. ஏப்ரலில் கடல் நல்ல அமைதி. வார நாளில் போங்க, சனி ஞாயிறும் போயாவும் வேண்டாம். ஹோட்டலுக்கு நேரே போன் எடுத்துக் கேட்டால் இந்த மாதங்களில் விலை இறங்கும். கேட்க வெட்கப்படாதீங்க. ஒக்டோபர் பிற்பகுதியில் கடல் கலங்கத் தொடங்கும், அப்போது அங்கே காசைக் கொட்டவேண்டாம். பக்கத்துக் கல்குடா கூட்டம் குறைந்த கரை, ஆனால் நீரோட்டம் தெரியாமல் ஆழத்துக்குப் போகாதீங்க.

வடக்கே காயான்கேணியில் பவளப்பாறை இருக்கிறது, 2019இல் அதைக் கடற் சரணாலயமாக அறிவித்தார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும் சித்திரையில் போங்க. பாறை மேல் காலூன்றி நிற்கவே கூடாது, ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது. பிள்ளைகளுக்குத் தண்ணீரில் இறங்குமுன்னே சொல்லிவையுங்க. அப்படியே பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாகரை வரைக்கும் போய்வரலாம், திருகோணமலை வீதி நன்றாக இருக்கிறது.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கடலுக்கடியில் ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அன்றைக்கு இறந்தார்கள். அது பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டும் உரிய இடம். புதிதாகச் சுழியோடப் பழகுகிறவர்களை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்க.

கல்லடிக் கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சரிந்த கோபுரத்தை அங்கே காணலாம். நாவலடி அதற்கு அப்பால். அந்த ஊரில் பாதி வீட்டில் அலையில் போனவர்களின் படம் தொங்கும். அங்கே குளித்துக் கும்மாளம் போடுவதைத் தவிருங்க. விபுலானந்த அடிகளின் சமாதியும் கல்லடியில்தான், சிவானந்த வித்தியாலயத்தடியில். யாழ்நூல் எழுதியவர், அந்த நூல் வெளிவந்த 1947இலேயே காலமானார்.

எந்த நாளைத் தவிர்ப்பது

ஏப்ரல் 10 தொடக்கம் 17 வரை பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும், 14ஐ ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் பல பூட்டிக் கிடக்கும். சொந்தவீடு இருந்தால் அந்தக் கிழமையில் வீட்டோடு இருங்க, மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷம் வாங்கி, பிள்ளைகளை அயலட்டைக்குக் கூட்டிப்போங்க. வீடு இல்லாமல் ஹோட்டலை நம்பி வருகிறவர்கள் அந்தக் கிழமையைக் கட்டாயம் தவிருங்க. ஏப்ரல் 21 இந்த நகரத்துக்கு நினைவுநாள். 2019இல் அன்றைக்குச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் பல குழந்தைகள் போனார்கள். அந்த நாளில் நகரத்துக்குள் இருந்தால் ஆரவாரம் இல்லாமல் இருங்க.

வெள்ளி மதியம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைகள் ஜும்மாவுக்குப் பூட்டப்படும். சாப்பாட்டுக்கு அங்கே இறங்கத் திட்டம் போட்டால் பன்னிரண்டுக்கு முன்னால் அல்லது இரண்டு மணிக்குப் பின்னால். நோன்பு மாதம் நீங்கள் வரும் நாட்களில் விழுந்தால் பகலில் அந்த ஊர்களில் சாப்பாட்டுக் கடை தேடவேண்டாம், நோன்பு துறந்தபின் போங்க, தெரு முழுக்கத் தின்பண்டம். காத்தான்குடி மஸ்கட் வாங்காமல் திரும்பாதீங்க. பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பிரதான வீதியில் பூர்வீக நூதனசாலையும் இருக்கிறது, கிழக்கு முஸ்லிம்களின் வாழ்க்கையை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள்.

புரட்டாதியில் வருகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையை ஒட்டிப் பதினெட்டு நாள் சடங்கு நடந்து தீமிதிப்போடு முடியும். வனவாசம் போகும் நாளும் தீமிதிப்பு நாளும் சனம் அதிகம், மற்ற நாட்களில் அருகில் இருந்து பார்க்கலாம். திகதி வருடத்துக்கு வருடம் மாறும், டிக்கெட் போடுமுன் ஊரில் ஒருவரிடம் கேட்டுவிடுங்க. மே கடைசி வரை இழுக்க முடிந்தவர்கள் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து குளிர்த்தி பாடுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம். கச்சான் தொடங்கிவிட்டிருக்கும், அந்த ஒரு சடங்குக்காக அதைத் தாங்கலாம்.

வெயில், இடி, சாப்பாடு, வழி

சித்திரை பிறப்பதற்குச் சற்று முன் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் வெளியே அலைவது முட்டாள்தனம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டுப் பத்தரைக்கு நிழலுக்குள் வந்துவிடுங்க, சாப்பிட்டுப் படுத்தெழும்பி நாலு மணிக்கு மறுபடி. பிள்ளைகளுக்கு இளநீரும் மோரும், கோலா வேண்டாம்.

ஏப்ரலும் ஒக்டோபரும் இலங்கையில் மின்னல் கூடிய மாதங்கள். காலை தெளிவாக இருக்கும், இரண்டு மணிக்குப் பிறகு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். மேகம் கட்டுவதைக் கண்டதும் படகைக் கரைக்கு விடச் சொல்லுங்க, கடலை விட்டு ஏறுங்க, வயல்வெளியிலும் தனிமரத்தடியிலும் நிற்காதீங்க. வருடாவருடம் வயலிலும் வாவியிலும் மின்னல் ஆளைக் கொண்டுபோகிறது. படகுச் சவாரியைக் காலையில் வைப்பதற்கு இதுதான் முதற்காரணம். பாடும் மீன் கேட்கும் இரவையும் வானம் வெளித்திருந்தால் மட்டும் தெரிவு செய்யுங்க.

சித்திரையில் வந்தால் மரமுந்திரிகைப் பழம், பிறகு பாலைப்பழம். வாவி இறாலும் நண்டும் இரண்டு காலத்திலும் கிடைக்கும். நண்டுக்கறியை உறைப்பாக வைத்துப் பிட்டோடு தரும் வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் ஹோட்டலை மறந்துவிடுங்க. வீட்டில் அறை விட்டுச் சமைத்தும் தரும் பெண்கள் கல்லடிப் பக்கம் இருக்கிறார்கள். ஆவணிக் கூட்டம் போனபின் அவர்களுக்கு மாரி முடியும் வரை வருமானம் இல்லை. படகுக்காரருக்கும் அப்படித்தான். புரட்டாதியில் நீங்க கொடுக்கும் ஒரு கிழமை வாடகை அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் கொப்பி புத்தகமாகும். நான் இந்த மாதங்களை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். காசைக் குறைத்துப் பேசுங்க, ஆனால் அவர்களோடு மட்டும் அளவு மீறிப் பேசவேண்டாம்.

கொழும்பில் இருந்து ரயிலில் வாங்க. உதயதேவி பகலில் வரும், இரவிலும் ரயில் உண்டு. எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகும், சுணங்கினால் இன்னும் கூட. பகல் ரயிலில் வந்தால் பொலன்னறுவை தாண்டி, மகாவலியைக் கடந்து, வாழைச்சேனை வரும்வரை காடும் வயலும் பார்த்துக்கொண்டு வரலாம். இருக்கை முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும், உடனே போடுங்க. பாசிக்குடாவுக்கு முதலில் போகிறவர்கள் கல்குடாவிலேயே இறங்கலாம். ரயில் ஓடுகிறதா என்று கிளம்புவதற்கு முதல்நாள் கேளுங்க, மழைக் காலத்துச் சேதங்களைத் திருத்துகிற வேலை அடிக்கடி நடக்கும்.

ஒக்டோபர் 20க்குப் பிறகு மட்டக்களப்பில் இருப்பதாகத் திட்டம் போடவேண்டாம், நவம்பரில் அறவே வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கார்த்திகை பிறந்தால் அவர்கள் வானத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் வந்து, மழை முந்திப் பிடித்துக்கொண்டால் பதறாதீங்க. அந்த நாட்களைப் புளியந்தீவுக்கு வையுங்க. குடை பிடித்துக்கொண்டு நடந்தே பார்த்துவிடலாம்: 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, காந்திப் பூங்கா, அதன் எதிரே வாவி. மழை விட்ட இடைவெளியில் சந்தைக்குள் போய்ச் சிவப்பரிசியும் கருவாடும் வாங்குங்க. கருவாட்டை மூன்று பொலித்தீன் உறை போட்டுக் கட்டச் சொல்லுங்க. உங்க நாட்டு விமான நிலையத்தில் அதைக் கொண்டுபோக விடுவார்களா என்று வாங்குமுன்னே பார்த்துவையுங்க.